பெகளமும் லகளையும் ஒன்றல்ல

ஒருவர், "குமரிப் பக்கம் பெகளம் என்றால் அடிதடிக் கலவரம்" என்று எழுதியிருக்கிறார். தவறு. அது மலையாள 'பஹளம்'. பொருள் கூச்சல், அமளி, அவ்வளவுதான். பலம் பெலமானது போல முதலெழுத்து எகரமாகியிருக்கிறது. ஒருவர் மேலும் கை படவேண்டியதில்லை. "பிள்ளேள் கிடந்து பெகளம் வைக்குது" என்றால் சத்தம் போடுகிறார்கள், சண்டையில்லை. பெரும்பாலும் ஆள் வாய் திறந்து கத்துவதைத்தான் குறிக்கும். சட்டசபையில் 'பஹளம்' என்று மலையாளப் பத்திரிகை போட்டால் நம் பத்திரிகை 'அமளி' என்றுதான் போடும்.

கலவரத்துக்கு மலையாளத்தில் இருக்கும் சொல் 'லஹள', அதாவது தலைப்பில் சொன்ன லகளை. ஓசை ஒப்புமையில் இரண்டும் குழம்பியிருக்கலாம். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்து, 1859இல் அரசாணையோடு முடிந்த நம் தோள்சீலைக் கலகத்தை மலையாளத்தில் 'சான்னார் லஹள' என்பார்கள். 1921 மலபார் கிளர்ச்சி 'மாப்பிள லஹள'. அங்கெல்லாம் 'பஹளம்' போட்டுப் பாருங்கள், ஏதோ சந்தைக்கடைக் கூச்சல் போலாகிவிடும்.

வாய்ச்சண்டைக்கு மலையாளத்தில் 'வழக்கு'. இதைக் கேட்டு கோர்ட் கேஸ் என்று நினைத்தால் அது அடுத்த குழப்பம்.