பாதி முகம்

(மிலான் நகரம். சான் சிரோ மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சலூன். கடைக்காரர் ஏசி மிலான் கால்பந்து அணியின் பக்தர். நாற்காலியில் முகம் பூரா நுரையோடு உட்கார்ந்திருப்பவர் அதே ஊரின் எதிரி அணியான இன்டரின் ரசிகர். வேறு சலூனுக்குப் போயிருக்கலாம்தான். இங்கே ரெண்டு யூரோ கம்மி.)

கடைக்காரர்: தலையை நிமிர்த்து தம்பி. உன் முடிக்கு எங்க மிலான்ல ஆடின டொனாலி கட்டிங் நல்லா இருக்கும்.

வாடிக்கையாளர்: அந்த முடியைப் பார்த்துத்தானே அண்ணே ஊரே ஏமாந்துச்சு! 17 வயசுல பிரெஷா கிளப்புக்கு ஆட வந்தான். நடுக்களம், நீள முடி. பெரிய நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோவும் அதே பிரெஷாவுல கிளம்பினவர். "அடுத்த பிர்லோ"ன்னு எழுதிட்டாங்க.

கடைக்காரர்: அவன் அப்பவே சொன்னான், நான் மிலான்ல முரட்டு ஆட்டம் ஆடின கட்டூசோ ஜாதின்னு. எவன் கேட்டான்? பிர்லோ பந்தைத் தடவிக் கொடுப்பார். கட்டூசோ பந்து வெச்சிருக்கிறவனைத் தடவிக் கொடுப்பார்.

வாடிக்கையாளர்: 2020-ல எங்க இன்டருக்குத்தான் வர்றதா இருந்துச்சு...

(கத்தி கழுத்தில் நிற்கிறது.)

கடைக்காரர்: என்ன சொன்ன?

வாடிக்கையாளர்: ஒண்ணும் சொல்லல அண்ணே. நுரை வாயில போயிடுச்சு.

கடைக்காரர்: நீங்க பொண்ணு பார்த்துட்டு "யோசிச்சுச் சொல்றோம்"னு இழுத்தீங்க. நாங்க மோதிரத்தோட போனோம். சின்ன வயசுலேருந்தே எங்க ஆளு அவன். வந்ததும் கட்டூசோவுக்கு போன் போட்டு, "உங்க 8-ஆம் நம்பர் சட்டையைப் போட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டானாம்.

வாடிக்கையாளர்: என் தம்பி என் சட்டையைக் கேட்காமலே போடுறான்.

கடைக்காரர்: அதான் அவன் டொனாலி இல்ல. அப்புறம் கேளு. 2021-ல இங்கேயே நிரந்தரமா இருக்கணும்னு சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டான். உலகத்துல எவனாவது செய்வானா?

வாடிக்கையாளர்: நான் செஞ்சேன். எங்க ஆபீஸ்ல என்னைக் கேட்காமலே குறைச்சாங்க.

கடைக்காரர்: 2022 மே 8, வெரோனா அணியோட மேட்ச். முதல் கோல் வாங்கினது நாங்கதான். அப்புறம் எங்க லியாவோ பாஸ், டொனாலி கோல். மறுபடி லியாவோ, மறுபடி டொனாலி! 3-1. அன்னிக்கு அவனுக்கு 22-வது பொறந்த நாள். 11 வருஷம் கழிச்சு லீக் பட்டம் எங்களுக்கு. ரெண்டாவது யாரு வந்தா? மறந்துபோச்சு.

வாடிக்கையாளர்: (முனகி) ரெண்டே ரெண்டு புள்ளியில விட்டோம்.

கடைக்காரர்: வாயை அசைக்காதே, வெட்டிடும்.

வாடிக்கையாளர்: அப்படி உருகினவனை ஏன் வித்தீங்க?

(கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்.)

கடைக்காரர்: 2023 ஜூன்ல எங்க அணி இயக்குநர் மால்தினியை வேலையை விட்டு அனுப்பினாங்க. ஜூலையில இவன் இங்கிலாந்து அணி நியூகாசிலுக்குப் போயிட்டான். ஆறு கோடி யூரோவுக்கு மேல. முதல் மேட்ச், ஆஸ்டன் வில்லா, ஆறாவது நிமிஷம் கோல். நான் டிவியை அணைச்சுட்டேன். செப்டம்பர்ல அதே நியூகாசில் இங்க சான் சிரோவுக்கு வந்துச்சு, 0-0. எதிரணிக்காரனுக்கு எழுந்து நின்னு கை தட்டினோம்.

வாடிக்கையாளர்: அடுத்த மாசமே தேசிய அணி முகாமுக்கு போலீஸ் வந்துச்சு.

கடைக்காரர்: வரும்னு எவன் கண்டான்? இணையத்துல பந்தயம். சொந்த அணி மேலயும் கட்டியிருக்கான், ஜெயிக்கும்னுதான். அது வியாதி தம்பி. 18 மாசம் தண்டனை. பத்து மாசம் ஆடக் கூடாது, மீதி எட்டு மாசத்துக்குச் சிகிச்சையும், 16 இடத்துல மேடையேறிப் பேச்சும். சூது குடும்பத்தையே... (பாக்கெட்டிலிருந்து ஒரு லாட்டரிச் சீட்டை எடுத்து நாணயத்தால் சுரண்டுகிறார்.)

வாடிக்கையாளர்: அண்ணே, கையில என்ன?

கடைக்காரர்: இது சூது இல்ல. சுரண்டல்.

வாடிக்கையாளர்: அரசாங்கம் செய்யுறதும் அதானே!

கடைக்காரர்: இங்கயாவது 2018 சட்டத்துக்கப்புறம் பந்தயக் கம்பெனி விளம்பரம் போடக் கூடாது. அப்ப இங்கிலாந்துல பல அணி நெஞ்சுல அந்தப் பேருதான் இருந்துச்சு. சாராயக் கடை போர்டை சட்டையில மாட்டிக்கிட்டு, குடிச்சவனை உதைச்சாங்க.

வாடிக்கையாளர்: ஆனா விழுந்தவன் எழுந்தான்ல? 2024 ஆகஸ்ட் கடைசியில திரும்ப ஆடினான். டிசம்பர்ல லீக் கோப்பை காலிறுதி, பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரா ரெண்டு கோல். மார்ச்ல வெம்ப்ளியில லிவர்பூலை 2-1-ன்னு ஜெயிச்சு நியூகாசில் கோப்பையைத் தூக்குச்சு. அந்த ஊருக்கு 70 வருஷத்துல முதல் உள்நாட்டுக் கோப்பை.

கடைக்காரர்: இன்டர்காரன் இவ்வளவு விவரம் வெச்சிருக்க?

வாடிக்கையாளர்: எதிரி வீட்டுப் பிள்ளையும் இத்தாலிக்கு ஆடும்போது நம்ம பிள்ளைதானே. 2025-ல தேசிய அணிக்குப் பயிற்சியாளரா வந்தது யாரு? கட்டூசோ! இஸ்ரேலோட ஒரு மேட்ச், 4-4. 90 நிமிஷம் தாண்டினப்புறம் கோல் போட்டு 5-4 ஆக்கினவன்...

கடைக்காரர்: டொனாலி! என்னிக்கு அது?

வாடிக்கையாளர்: செப்டம்பர் 8.

(கடைக்காரர் அப்படியே நிற்கிறார்.)

கடைக்காரர்: பொறந்தது 8. சட்டை 8. நியூகாசில்லயும் 8. வெரோனா 8. சிகிச்சை 8 மாசம். இஸ்ரேல் 8. தம்பி, இத்தனை வருஷமா எட்டாம போனது இப்பதான் எட்டுது!

வாடிக்கையாளர்: அண்ணே, வேண்டாம்.

கடைக்காரர்: எட்டும் இருபத்திரண்டும்! லோட்டோ லாட்டரியில சோடியா போட்டா... அந்தச் சீட்டு விக்கிற மூலை புகையிலைக் கடை பன்னிரண்டரைக்கு மூடிருவான். (ஏப்ரனைக் கழற்றி எறிகிறார்.)

வாடிக்கையாளர்: சிகிச்சைன்னு இப்பத்தானே சொன்னீங்க! அண்ணே! ஒரு பக்கம்தானே வழிச்சிருக்கீங்க! எனக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங்!

கடைக்காரர்: (தெருவிலிருந்து) அந்தப் பக்கத்தைத் திருப்பி உட்காரு! விழுந்துச்சுன்னா மறு பாதி இலவசம்!