முட்டை என்றால் ஓடு எங்கே?

உருண்டையான கல் ஒன்று கையில் கிடைத்தவுடனேயே அதற்கு டைனோசர் முட்டை என்று பெயர் சூட்டிவிட்டு, ஒப்புதல் முத்திரைக்காக மட்டும் படத்தை அனுப்பிவைக்கும் மனிதர்களை இனிமேல் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நிலவியல் படித்த எவருடைய கைபேசியிலும் இத்தகைய படங்கள் குவிந்து கிடக்கும். உங்களில் பலரும் இந்தத் துன்பத்தை அனுபவித்தவர்கள்தான் என்பதால், நேராக நேற்றிரவு நடந்ததற்கு வருகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் வழியாக என் எண்ணைப் பெற்ற ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் பழுப்பு நிறக் கல்லின் படத்தை அனுப்பி, "சார், இது எந்த டைனோசரின் முட்டை?" என்று கேட்டார். இது முட்டைதானா என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1923-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் குழு கண்டெடுத்த முட்டைகள், ஐயத்துக்கு இடமின்றி முட்டைகளே. அவற்றையே புரோட்டோசெராடாப்ஸ் என்ற டைனோசர் இட்டவை என்று உலகம் பல பத்தாண்டுகள் நம்பியிருந்தது. 1990-களில் அதே வகை முட்டை ஒன்றுக்குள் ஓவிராப்டர் என்ற வேறொரு டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்த கருவின் எலும்புகள் கிடைத்த பிறகுதான் அந்தப் பிழை திருத்தப்பட்டது. ஆயுள் முழுவதும் இதே வேலையாக இருந்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்த கேள்விக்கு, மங்கலான ஒரே படத்தைப் பார்த்து இரவு உணவுக்கு முன்பே நான் விடை சொல்ல வேண்டுமாம்.

ஓடு தெரியும்படி நெருக்கத்தில் ஒரு படம் அனுப்புங்கள் என்றேன். "நல்ல உருண்டையாக இருக்கிறதே சார், அது போதாதா?" என்றார். போதாது! மண்ணுக்கடியில் உருண்டை வடிவம் உருவாவதற்கு எந்த விலங்கும் தேவையில்லை. படிவுகளுக்கு இடையே ஊறும் நீரிலிருந்து சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டோ சிலிக்காவோ இரும்புச் சேர்மமோ பிரிந்து, ஒரு சிப்பியையோ இலையையோ எலும்புத் துணுக்கையோ மையமாகக் கொண்டு மணலையும் களிமண்ணையும் இறுகப் பிணைத்தால், அது எல்லாப் பக்கமும் வளர்ந்து உருண்டையாகிறது. அதுதான் கான்கிரீஷன் எனப்படும் திரள்கல். நியூசிலாந்தின் மொயராக்கி கடற்கரையில் ஆள் உயரத்தையும் தாண்டிய திரள்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன; அவற்றை இடும் அளவுக்குப் பெரிய விலங்கு இந்தப் பூமியில் என்றுமே வாழ்ந்ததில்லை. ஜியோடு இதற்கு நேர்மாறானது. பாறையில் ஏற்கெனவே இருந்த பொந்துக்குள் கனிமநீர் புகுந்து, சுவரிலிருந்து உள்நோக்கி அகேட் என்னும் வரிக்கல்லும் குவார்ட்ஸ் பளிங்குகளும் வளர்வதால் உருவாவது அது. மேலும், உண்மையான முட்டைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணின் எடையைத் தாங்கியதில் பெரும்பாலும் நசுங்கியும் நொறுங்கியும்தான் கிடைக்கின்றன. பழுதே இல்லாத உருண்டை என்றால் எனக்கு நம்பிக்கை குறையத்தான் செய்யும்.

அடுத்து வெடிப்புக்கு வந்தார். மேற்பரப்பில் கோடுகள் ஓடுகின்றன, குஞ்சு வெளியே வர முயன்றிருக்கிறது என்றார். திரள்கல்லின் உட்பகுதி சுருங்கி வெடித்து, அந்த வெடிப்புகளில் கால்சைட் நிரம்பினால் இப்படித்தான் வலைபோன்ற கோடுகள் தெரியும் என்று பொறுமையாக விளக்கினேன். உடனே, கனமாக இருக்கிறதே என்று எடைக்குத் தாவினார். கல் கனமாகத்தானே இருக்கும் ஐயா! பிறகு வினிகர் ஊற்றினாராம், நுரைத்ததாம். முட்டையோடும் கால்சைட், சுண்ணாம்புக்கல்லும் கால்சைட், பல திரள்கற்களைப் பிணைத்திருப்பதும் கால்சைட். எல்லாம் நுரைக்கும். இந்த வினிகர்ச் சோதனையை முட்டைக்கான சான்று என்று காணொளிகளில் பரப்புகிறவர்கள்மீது எனக்கு உண்மையாகவே தீராத கோபம் இருக்கிறது.

பிறகுதான் அவர் தம் பெரிய ஆயுதத்தை எடுத்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அகேட் என்று வைத்திருந்த கல்லே முட்டையாகிவிட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அது மெய்தான். மத்திய இந்தியாவில் சேகரிக்கப்பட்டு 1883-இல் அங்கே பதிவான, ஏறத்தாழ 15 செ.மீ. குறுக்களவுள்ள அந்த அகேட் உருண்டை, டைட்டனோசர் என்ற நீண்ட கழுத்துள்ள பெரிய டைனோசரின் முட்டை என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதை முட்டை என்று சொல்லவைத்தது அதன் உருண்டை வடிவம் மட்டும் அல்ல. அகேட்டைச் சுற்றி மெல்லிய ஓடு தனி அடுக்காக எஞ்சியிருந்தது. அளவும் வடிவமும் இந்திய டைட்டனோசர் முட்டைகளோடு பொருந்தின. கிடைத்த நிலப்பகுதியும் பொருந்தியது. முட்டைக்குள் பளிங்கு வளரக்கூடும் என்பதற்கு அது சான்று. பளிங்கு வளர்ந்ததெல்லாம் முட்டை என்பதற்கு அல்ல.

ஆகவே மறுபடியும் ஓடு பற்றித்தான் கேட்டேன். ஓடு என்பது மேலே படிந்த துருப்பூச்சு அன்று. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில், உள்ளே நிரம்பியிருக்கும் படிவிலிருந்து கூர்மையாகப் பிரிந்து தெரியும் தனி அடுக்கு அது. உடைந்த விளிம்பைக் கைலென்சால் பார்த்தால், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி நிமிர்ந்து நிற்கும் கால்சைட் படிகங்கள் தெரியும். கரு மூச்சுவிடுவதற்கான நுண்துளைகள் இருக்கும். பல வகைகளில் வெளிப்பரப்பில் சிறு குமிழ்கள்கூட இருக்கும். மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் சந்தேகமே மிஞ்சாது. திரள்கல்லின் மேற்பட்டையிலோ ஜியோடின் தோலிலோ இவற்றில் ஒன்றும் கிடையாது.

கிடைத்த இடத்தைக் கேட்டபோது, சுற்றிலும் கிளிஞ்சல்கள் பதிந்த பாறை என்றார். கடலடியில் படிந்த பாறை என்று அவரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்! டைனோசர்கள் நிலத்தில் முட்டையிட்டவை. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவாகியிருப்பது லமேட்டா படிவுகளில், அதாவது நிலத்தில் படிந்த அடுக்குகளில். அவையும் கூடு கூடாக, ஓட்டுச் சிதறல்களோடு கிடைத்தவை. கடற்படிவில் தனியாகக் கிடக்கும் உருண்டையை எதுவாக எண்ண வேண்டும் என்பதற்குப் பெரம்பலூர் குன்னத்தில் 2020-இல் நடந்ததே போதும். அங்கே வெளிப்பட்ட உருண்டைகளை டைனோசர் முட்டைகள் என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். அம்மோனைட் என்ற, சுருண்ட ஓடுடைய, அற்றுப்போன கடலுயிரின் எச்சங்களைச் சுற்றி உருவான திரள்கற்கள் என்று அறிந்தவர்கள் சொன்ன விளக்கம், வதந்தி சென்ற தொலைவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அவர் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. சுத்தியலை எடுத்துக் கல்லை உடைத்துவிட்டு, "நடுவில் மஞ்சள் கரு தெரிகிறது பாருங்கள்" என்று வெட்டுமுகத்தின் படத்தை அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் கரு என்று அவர் வட்டமிட்டுக் காட்டிய இடத்தில் இருந்தது, வரிவரியாக விலாபோன்ற மேடுகள் எழும்பிய, சுருண்ட அம்மோனைட். அந்தத் திரள்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பொத்திக் காத்த உண்மையான தொல்லுயிர் எச்சத்தைத்தான், இல்லாத முட்டையைத் தேடிச் சரிபாதியாகப் பிளந்திருந்தார். துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வையுங்கள், எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள், அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குக் கொண்டு செல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதினேன். முட்டை இல்லையென்றால் அது எதற்கு சார், அப்போதே வீசிவிட்டேன் என்று பதில் வந்தது.

இன்று காலை அதே படம் இன்னொருவர் வழியாக எனக்கே திரும்பி வந்திருக்கிறது. கீழே, டைனோசர் முட்டை என்று நிலவியல் நிபுணர் உறுதிசெய்தார் என எழுதி, என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். நான் உறுதிசெய்தது அம்மோனைட்டை மட்டும்தான். அந்தப் பதிவை நீக்குங்கள். நீக்கிவிட்டு, வீசிய இடத்துக்குப் போய் அந்தத் துண்டுகளைத் தேடி எடுங்கள்.