மை நேட்டிவ் இஸ் கோத்தகிரி

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை எங்கள் பழைய மாணவர் குரூப்பிலும் நான்கைந்து சிரிப்புப் பொம்மைகளோடு வந்து விழுந்தது. சரி, எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குன்னூரில் டீத்தூள் கடை. அந்தப் பெண் காகிதக் கப்பில் டீ ஊற்றி நீட்டுகிறாள். எந்த ஊர் என்று கேட்கிறார்கள். "மை நேட்டிவ் இஸ் கோத்தகிரி சார்." வீடியோ எடுக்கிறவர், "நேட்டிவா? அப்ப நீ ஆதிவாசியா?" என்கிறார். கூட்டமே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே, ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைக்கிறாள். நான் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இங்கிலீஷுக்கு வருவோம், அதுதானே உங்கள் பிரச்சினை. 'நேட்டிவ்' லத்தீனிலிருந்து வந்த சொல். பிறப்போடு சேர்ந்தது என்று பொருள். நேஷன், நேச்சர் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நாம் 'நேட்டிவ் பிளேஸ்' என்று சொல்லிச் சொல்லி, பின்பாதி தேய்ந்து 'நேட்டிவ்' மட்டும் மிஞ்சியது. இதில் என்ன குற்றம்? 'மொபைல் ஃபோன்' மொபைல் ஆகவில்லையா? லண்டன்காரன் 'ரிட்டர்ன் டிக்கெட்' என்று முழுசாகச் சொல்லாமல் 'ரிட்டர்ன்' என்று கேட்டு வாங்குகிறானே, அவனிடம் போய்ச் சிரிப்பீர்களா? இங்கிலாந்தில் விட்ஸ்டபிள் என்று ஒரு கடலோர ஊர். அங்கே போய் 'நேட்டிவ்ஸ்' என்று கேட்டால் தட்டில் சிப்பி வைத்துக் கொடுப்பார்கள். ஒரே சொல்லுக்கு அவர்கள் ஊரில் சிப்பி என்று அர்த்தம் இருக்கலாம், எங்கள் ஊரில் சொந்த ஊர் என்று இருக்கக் கூடாதா? தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு நாம் புழங்கும் 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. இந்த ஏழைச் சொல் மட்டும் தப்பாம்.

"நீ ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவன், நீயே இப்படிப் பேசலாமா?" என்று கேட்பீர்கள். வேலைக்கு எழுதும் கடிதத்தில் 'ஹோம் டவுன்' என்று எழுதச் சொல்லித்தான் கொடுக்கிறேன். போதுமா? ஆனால் டீக்கடையில் நடந்தது இன்டர்வியூ இல்லை. டீ குடிக்க வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"ஜோக்குய்யா, விடு" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

அந்த ஜோக்கின் அர்த்தமாவது வீடியோ எடுத்தவருக்குத் தெரியுமா? இந்த நாட்டில் பிறந்தவனை 'நேட்டிவ்' என்று இளக்காரமாகக் கூப்பிட்டது வெள்ளைக்காரத் துரை. பட்டாளத்துக்குக்கூட 'நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்றுதான் பெயர் வைத்தான். அந்தப் பெண் சொன்னது நம் அர்த்தம். இவர் சிரித்தது துரையின் அர்த்தத்தில். யாருடைய இங்கிலீஷ் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இதில் 'ஆதிவாசியா' என்பது வேறு வசவு மாதிரி வருகிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் இந்த மலையில்தான் இருக்கிறார்கள். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கோத்தகிரி பக்கம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இருக்கிறார்கள். உண்மையிலேயே அவள் அவர்களில் ஒருத்தியாக இருந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும் அப்படித்தான். உருளைக்கிழங்கு தென் அமெரிக்கச் சரக்கு. அந்த டீச்செடியே சீனாவைச் சொல்லிக்கொண்டு வந்ததுதான். அதையெல்லாம் நேட்டிவ் எது என்று எவரும் கேட்பதில்லை. எங்களைத்தான் கேட்கிறார்கள்.

எங்களை என்று சொல்லிவிட்டேன், இனி மறைக்க ஒன்றுமில்லை. அப்பா இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலை அப்பாவுடையது. பதினோரு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இங்கே தேயிலைக்காட்டுக்கு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கிளார்க் கேட்ட முதல் கேள்வி: "நேட்டிவ் எது?" அப்பா நுவரெலியா என்றார். "அது செல்லாது, இந்தியாவில் சொல்லு." தாத்தா யோசித்துத் துறையூர் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். அதுவும் அவருடைய அப்பா சொல்லக் கேட்டதுதான். அப்பா இன்றுவரை அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் சர்டிபிகேட்டில் அதுதான் இருக்கிறது. "அங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னாங்க, இங்க வந்தா சிலோன்காரன்ங்கிறாங்க" என்பார், டீயை ஆற்றிக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். அதுதான் எனக்குத் தாங்காது.

நான் பிறந்தது கோத்தகிரி ஆஸ்பத்திரியில். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும், "அது சரி தம்பி, நேட்டிவ் எது?" அதற்கப்புறம் அந்தக் காபியை நான் குடிக்கவில்லை.

அந்தப் பெண் யாரோ, எந்தக் குடும்பமோ, எனக்குத் தெரியாது. எங்களைப் போலவா என்றும் தெரியாது. ஆனால் "மை நேட்டிவ் இஸ் கோத்தகிரி" என்று தடுமாறாமல், ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். நான் நாற்பத்திரண்டு வயதாகியும் அப்படிச் சொன்னதில்லை. நாற்பது பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன், அந்த நான்கு வார்த்தை வாயில் வருவதில்லை.

பதிவு எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது, தெரிகிறது. அந்த வீடியோவைப் போட்டவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். எடுத்துவிடுங்கள் சார். மற்றவர்கள் கமெண்டில் என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், என் இங்கிலீஷைத் திருத்துங்கள். நேட்டிவ் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.