வண்டியை நிறுத்தும் உரிமை
சம்பளத்துக்கு உழைப்பவர்களுக்கு 'இது என் வேலை' என்ற எண்ணம் வராது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ரயில்வேயில் கீமேன் எனப்படும் தண்டவாளப் பராமரிப்பு ஊழியர் தன் பகுதித் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்க்கிறார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் அங்கேயே அடித்து இறுக்குவார். விரிசல் கண்டால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். சிவப்புக் கொடி காட்டி, அகலப்பாதை என்றால் விரிசலிலிருந்து 600 மீட்டரிலும் 1,200 மீட்டரிலும் டெட்டனேட்டர் (சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடி) வைத்து எக்ஸ்பிரஸையே நிறுத்தலாம். என் அப்பா அந்த வேலையில் இருந்தவர். மழை ராத்திரிகளில், டியூட்டி இல்லாவிட்டாலும், பாலத்தை ஒட்டிய கரை சரிந்திருக்குமோ என்று எழுந்து போய்விடுவார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'நிறுவனத்தில் பங்கு கொடுத்தால்தான் அக்கறை வரும்' என்கிறார். அப்பாவுக்கு எந்தப் பங்கு இருந்தது? வண்டியை நிறுத்தும் உரிமை இருந்தது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் பில்லில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவே மேலாளர் கையெழுத்து வேண்டும். அங்கே போய் 'பொறுப்பெடுங்கள்' என்றால் எதை எடுப்பது?