அஞ்சல்தலை மட்டுமா சான் மரினோ?

அஞ்சல்தலைக்கும் சுற்றுலாவுக்கும் பேர்போன குட்டி நாடு என்று சான் மரினோவை, நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் இரண்டே வரியில் முடித்துவிட்டது மனதுக்கு ஒப்பவில்லை. அந்நாட்டின் ஆட்சிமுறையை அல்லவா விரித்துச் சொல்லியிருக்க வேண்டும்!

நாற்புறமும் இத்தாலி சூழ்ந்த 61 சதுர கிலோமீட்டர் மலைநாடு. மக்கள் ஏறத்தாழ 34,000 பேர். நாட்டின் தலைவர் ஒருவரல்லர், இருவர். 60 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் ஆறே மாதம். ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை ஆள் மாறுகிறார்கள். ஒருவர் எடுக்கும் முடிவை மற்றவர் தடுக்கலாம். பதவி முடிந்ததும் அவர்கள் நடந்துகொண்ட விதம் பற்றிக் குடிமக்கள் புகார் கொடுக்கலாம். 1243 முதல் நடந்துவரும் ஏற்பாடு இது! ஆனால் இந்தப் பதவிக்கு ஒரு பெண் வர 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

1944இல் இரண்டாம் உலகப் போர், அருகிலுள்ள இத்தாலிய நகரமான ரிமினியை நெருங்கியபோது, தன் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு அகதிகளை இந்த நாடு ஏற்றுக்கொண்டது. ரிமினியிலிருந்து மலையேறி வந்த ரயில் பாதையின் சுரங்கங்களுக்குள் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.