கல்லும் கத்தியும் 28,000 ரூபாயும்

(ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையில் ஒரு சின்ன சலூன். குமார் நாற்காலியில், கன்னம் முழுக்க நுரை. பாண்டியண்ணன் ஒரு பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டுகிறார்.)

குமார்: அண்ணே, அடுத்த மாதத்திலிருந்து சவரத்துக்கு இங்கே வர மாட்டேன்.

பாண்டி: கழுத்தில் கத்தி வைக்கப் போகிறவனிடம் சொல்கிற சேதியா தம்பி இது?

குமார்: கோபப்படாதீர்கள். தாத்தாவின் மடக்குக் கத்தி பரணில் கிடைத்தது. சோலிங்கன் என்று அடித்திருக்கிறது. நானே தீட்டி, நானே மழித்துக்கொள்ளப் போகிறேன். தீட்டுவதற்கு வேண்டிய சாமான்களைப் பட்டியல் போட்டேன். 28,000 ரூபாய் வருகிறது.

பாண்டி: (கத்தியைச் சட்டென்று தூக்கி) தாடையில் கத்தி இருக்கும்போது இப்படித் தொகையெல்லாம் சொல்லாதீர்கள், கை ஆடுகிறது. ஜெர்மனிச் சரக்கு, நல்ல கத்திதான். பட்டியலைப் படியுங்கள்.

குமார்: 400 நம்பர் வைரத் தகடு, அப்புறம் கல்லில் 1000, 3000, 5000, 8000, 12000. நம்பர் ஏற ஏறக் கல் நைஸ்.

பாண்டி: ஒரு இட்லிக்கு ஆறு கிரைண்டரா? கத்தியின் வாய் எங்காவது உடைந்திருக்கிறதா?

குமார்: இல்லை. முதுகில் லேசாகத் துரு, அவ்வளவுதான்.

பாண்டி: அப்படியானால் 400ஐ வெட்டுங்கள். அது அரைக்கிற வேகத்தில் தாத்தா கத்தி ஊசியாகிவிடும். 1000 இருக்கட்டும். வாயின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும், அதைச் செய்வது அந்தக் கல்தான். அது சரியாக அமையாவிட்டால் மேலே எத்தனை ஆயிரம் போட்டாலும் வீண். அப்புறம் ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள இரட்டைக் கல் ஒன்று. கல் கணக்கு முடிந்தது.

குமார்: 12000?

பாண்டி: (கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேச்சில்லை) பால் ஏடு மாதிரி இருக்குமோ என்னமோ... வேண்டாம், வெட்டுங்கள்.

குமார்: கோணம் பிடிக்கிற கிளிப்?

பாண்டி: அது சமையல் கத்திக்கு. சவரக்கத்தியின் கோணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்தால் போதும். முதுகைத் தூக்கினீர்களோ, போச்சு.

குமார்: கல்லைச் சமப்படுத்துகிற கல்?

பாண்டி: கல்லுக்கே கல்லா! கனமான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை விரியுங்கள். கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடெல்லாம் அழிந்தால் சமம். நடுவில் அழியாமல் நின்றால் அங்கே குழி.

குமார்: 200 மடங்கு பெரிதாகக் காட்டுகிற நுண்ணோக்கி?

பாண்டி: அதில் பார்த்தால் எந்தக் கத்தியும் மலைத்தொடர் மாதிரிதான் தெரியும், உங்களுக்குத் தூக்கம் போய்விடும். நகைக்கடையில் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அந்த 10 மடங்கு லென்ஸ் போதும். அது சரி, இடது கையில் ஏன் முடியே இல்லை?

குமார்: கூர் சோதனை அண்ணே. காய்கறிக் கத்தியில் பழகினேன்.

பாண்டி: வலது கை தப்பித்ததா?

குமார்: இடது கையில் கத்தி பிடிக்க வராது. அதனால்... ஒரு கால் முடிந்தது.

(பாண்டியண்ணன் சிரித்து முடிக்கும் வரை கத்தி ஓரமாக வைக்கப்படுகிறது. அதுதான் நல்லது.)

குமார்: கடைசியாக, கத்தியை இழுத்துப் பதமாக்குகிற இத்தாலித் தோல் வார். 7,000.

பாண்டி: மலிவாக ஒன்று வாங்குங்கள். முதல் மாதமே அதை வெட்டத்தான் போகிறீர்கள்.

குமார்: நிச்சயமாகவா?

பாண்டி: நானும் வெட்டினேன். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லில் வாய் முன்னால் போக வேண்டும். தோலில் நேர்மாறு, முதுகு முன்னால். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். மறந்து வாயின் மேல் புரட்டினால் தோல் இரண்டு துண்டு. இன்னொன்று, முதல் தடவை தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குங்கள். கூர் எப்படி இருக்கும் என்று கன்னத்துக்கே தெரியாமல் கைக்கு எப்படித் தெரியும்?

குமார்: நீங்களே தீட்டித் தரலாமே?

பாண்டி: 1986இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் சிலருக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவி, எல்லாரும் இந்த அரை பிளேடுக்கு மாறினோம். நான் கல்லைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. வாரத்தில் எத்தனை நாள் மழிப்பீர்கள்?

குமார்: ஞாயிறு மட்டும்.

பாண்டி: சவரத்துக்கு முன்னால் ஒழுங்காகத் தோலில் இழுத்தால் ஒரு கூர் ஐம்பது சவரம் தாங்கும். அப்படியானால் உங்கள் கல்லுக்கு வருஷத்தில் ஒரு நாள் வேலை. ஆயுத பூஜையைச் சேர்த்தால் இரண்டு நாள்.

(குமாரின் போன் அடிக்கிறது. பேசிவிட்டு மெல்ல வைக்கிறான்.)

குமார்: பார்சல் வீட்டுக்கு வந்துவிட்டதாம்.

பாண்டி: எந்தப் பார்சல்?

குமார்: தள்ளுபடி முடிகிறது என்று போன வாரமே...

பாண்டி: எல்லாமா?

குமார்: நுண்ணோக்கி உட்பட. திருப்பி அனுப்பப் பத்து நாள் டைம் இருக்கிறது அண்ணே.

பாண்டி: அனுப்பிவிடுங்கள். (துண்டை உதறி மடித்தபடி) அந்த 12000 கல்லை மட்டும் ஒன்பதாவது நாள் வரைக்கும் இங்கே வைத்திருக்கலாமா?