வயதுக் கணக்கு மாறுவது அமெரிக்காவில்தான்

ஒரு தம்பி, சிறுவர் உதைபந்தாட்ட அணிகளை வயதுப்படி பிரிக்கும் வயதெல்லைத் திகதியை உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா ஓகஸ்ட் 1 ஆக மாற்றிவிட்டது, இனி மட்டக்களப்புக் கழகங்களும் பிள்ளைகளைப் புதிதாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அது பீபாவின் முடிவு இல்லை தம்பி. யூ.எஸ். யூத் சொக்கர் போன்ற அமெரிக்கச் சிறுவர் அமைப்புகள் 2026-27 பருவத்திலிருந்து கொண்டுவரும் மாற்றம் அது, ஏனென்றால் அங்கே பாடசாலை ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பரில் தொடங்குவதால், ஜனவரி 1 கணக்கில் பிரித்தால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இரண்டு அணிகளாகப் பிரிந்துபோகிறார்கள் (பெற்றோருக்கும் தலையிடிதான்). பீபாவுக்கு இன்னும் ஜனவரி 1தான். 2025 உலகக் கிண்ணத்தின் 17 வயதுப் பிரிவுக்கு 2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்று போட்டி விதிகளிலேயே இருக்கிறது, பீபா இணையதளத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். சரி, நம் பிள்ளைகளுக்கு? அந்தந்தப் போட்டியின் சுற்றறிக்கையில் உள்ள பிறந்த திகதி எல்லையைப் பாருங்கள், அதற்கு முன் அணியைக் கலைக்க வேண்டாம்.